கேட்டாலும் கொடுக்காத ஜெசிந்தாக்கா

காதர்பேட்டையில் தம்பி மகனுக்குப் பனியன் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பெனியில் என்னோடு வேலை பார்த்த பழனிச்சாமி போன் செய்தார். "ஏனுங்கக்கா, நம்ம ஜெசிந்தா மேடம் போயிட்டாங்களாமுங்க. அவங்க ஊட்டுக்காரர் இப்பத்தான் கூப்புட்டுச் சொன்னாருங்க" என்றார். எடுத்த பனியனைக் கையில் பிடித்தபடியே நின்றேன். கடைக்காரர், "சைஸ் சேரலீங்களா?" என்று கேட்டார். அவருக்கு என்ன பதில் சொன்னேனோ, நினைவில்லை.

அருள்புரத்தில் எங்களோடு வேலை பார்த்த உங்களுக்கு ஜெசிந்தாக்காவைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? ஆனாலும் சொல்லாமல் மனசு ஆறவில்லை. சுற்றிலும் எல்லோரும் பனியன் தைத்துக்கொண்டிருந்தபோது, நம் கம்பெனி ஆஸ்பத்திரிகளுக்குக் கட்டுத்துணி செய்துகொண்டிருந்தது. சாத்தான்குளத்துப் பக்கமிருந்து கல்யாணமாகி வந்த அக்கா கம்ப்யூட்டருக்குப் பொறுப்பு. நான் பேக்கிங்குக்கு. முருகன் பாட்டுக் கேட்க யாராவது பென் டிரைவைச் சொருகிவிட்டால் போச்சு. "வைரஸ ஏத்தவா வந்திய?" என்று பிடுங்கி டிராயரில் போட்டுப் பூட்டிவிடுவார். சாயங்காலம் திருப்பிக் கொடுக்கும்போது கூடவே ஒரு கடலை மிட்டாயும் கொடுப்பார்.

அப்போது கம்பெனி முழுக்க ஒரே பாஸ்வேர்டு, முருகன் பெயர். டீ கொண்டுவருகிறவருக்குக்கூடத் தெரியும். லைசென்ஸ் புதுப்பிக்க வந்த அரசாங்க அதிகாரி அதில்தான் பிடித்தார். "துணியில கிருமியைக் கொல்ற மெஷின்ல எவ்வளவு சூடு வச்சீங்கன்னு கம்ப்யூட்டர்ல பதியறீங்க. அதை யார் வேணும்னாலும் மாத்தலாமே? பதிஞ்சது யாருன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். ஆளுக்கொரு பாஸ்வேர்டு வேண்டும், அடுத்த முறை வரும்போது சரியாக இல்லையென்றால் லைசென்ஸ் கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார். லைசென்ஸ் இல்லையென்றால் கம்பெனியைப் பூட்டிவிட்டு எல்லோரும் வேறு வேலை தேட வேண்டியதுதான்.

அக்கா ஆளுக்கொன்று வைத்துக் கொடுத்தார். ஒரு வாரம் தாங்கவில்லை. கேட்டவரிடம் இல்லை என்று சொல்ல நம் ஊர்க்காரர்களுக்கு வாய் வருமா? "ஏனுங்க, உங்க பாஸ்வேர்டச் சித்த சொல்லுங்க" என்றால், "அதுக்கென்னங்க, எழுதிக்குங்க" என்பார்கள். கேட்டவர் மனசு நோகக்கூடாதாம்!

கிருமி நீக்கும் மெஷின் பழனிச்சாமியின் பொறுப்பு. அவர் மகளுக்குக் கணியூரில் காதுகுத்து வைத்திருந்தார். பாதி ஆபீஸ் அங்கே பந்தியில் இருந்தது. மறுநாள் அக்கா கம்ப்யூட்டரைத் திறந்தால், அதே நேரத்தில் பழனிச்சாமி மெஷின் ஓட்டியதாகப் பதிவாகியிருக்கிறது. "நேத்து என் எலையில பாயாசம் ஊத்துன மனுசன் இங்க எப்படி மெஷின் ஓட்டுனாரு?" என்றார் அக்கா. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. சரக்கு ஏற்றிய லாரி வாசலில் நின்றது. முதலாளி, "சூடெல்லாம் சரியாத்தான் வெச்சோம்ங்கறாங்க கண்ணு, உட்ரு" என்றார். "வச்சது யாருன்னு தெரியலியே மொதலாளி. புண்ணுல வைக்கிற துணில்லா?" என்றார் அக்கா. முதலாளி சரக்கை இறக்கச் சொன்னார். அத்தனையும் மறுபடி மெஷினுக்குள் போனது.

அன்றிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் அக்கா எங்களுக்கு 'இல்லை' சொல்லப் பழக்கினார். ஒருவர் கேட்க வேண்டும், இன்னொருவர் மறுக்க வேண்டும். "கேக்கது தப்பில்ல. குடுக்காம இருக்கதும் மரியாதக் கொறச்சல் இல்ல" என்பார். பழனிச்சாமிக்கு வேர்த்து ஊற்றும். நான் மறுத்துவிடுவேன், ஆனால் மனசு கேட்காமல் கேட்டவர் தட்டில் ஊறுகாய் வைப்பேன். "ஊறுகா இல்லாம ஒருக்கா சொல்லிப் பாரு, சாவித்திரி" என்று அக்கா கேலி செய்வார்.

அதிகாரி மறுபடி வந்தார். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு முதலாளியின் காதில் ஏதோ சொன்னார். முதலாளி நேராகப் பழனிச்சாமியிடம் வந்து, "உன்ற பாஸ்வேர்டச் சொல்லு கண்ணு" என்றார். தொலைந்தோம் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். பழனிச்சாமி இரண்டு கையையும் கூப்பினார். "மன்னிச்சுக்குங்க மொதலாளி. என்ற உசுரக் கேளுங்க, குடுக்கறனுங்க. இத மட்டும் கேக்காதீங்க." அதிகாரியே சிரித்துவிட்டார். லைசென்ஸ் வந்தது. அன்று டிராயரிலிருந்த கடலை மிட்டாய் முழுவதும் பழனிச்சாமிக்குத்தான்.

அக்காவைக் கடைசியாகக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் பார்த்தேன். பாதியாகக் கரைந்திருந்தார். ஆபரேஷன் புண்ணுக்குக் கட்டுப் போட நர்ஸ் எடுத்த பாக்கெட் நம் கம்பெனியுடையது. அக்கா அதைக் கேட்டு வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தைரியமாக் கட்டும்மா. மெஷின் ஓட்டுனது யாருன்னு கேட்டா அங்க பேரு சொல்லுவாங்க" என்றார்.

எங்களுக்குள் ஒளிவுமறைவு கிடையாது. மாமியாரோடு நடந்த சண்டை முதல் சாமியிடம் வைத்த வேண்டுதல்வரை எல்லாம் சொல்லியிருக்கிறார். நர்ஸ் போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாஞ் சொன்னேன். எம் பாஸ்வேர்டு மட்டுந்தான் பாக்கி. இப்பச் சொல்லட்டா?" என்றார்.

நான் சட்டென்று அவர் வாயைப் பொத்தினேன். "வேண்டாமுங்கக்கா. சொல்லாதீங்க."

"ஊறுகா இல்லாமச் சொல்லிட்டியே" என்று அக்கா என் உள்ளங்கைக்குள்ளேயே சிரித்தார். அந்தச் சிரிப்பு என் கையில் இருக்கிறது. அந்தப் பாஸ்வேர்டு என்னவென்று எனக்கு இன்றும் தெரியாது.