கொட்டகையைப் பெருக்கியவர்

தாம்பரம் பக்கத்தில் மூடப்பட்ட திரையரங்குகளைப் பற்றி எழுதுவதற்காக அலைந்துகொண்டிருந்தேன். இரும்புலியூரில் ஒரு கொட்டகை இருந்த இடத்தில் இப்போது சூப்பர் மார்க்கெட் இருக்கிறது. அங்கே தரை துடைக்கும் அம்மாதான் முன்பு கொட்டகையையும் பெருக்கியவர் என்று வாட்ச்மேன் காட்டினார். ஒல்லியான உடம்பு, சேலைக்கு மேல் தொளதொளவென்று சீருடைச் சட்டை. பேசும்போது ஆளைப் பார்க்க மாட்டார்; கண் தரையிலேயே இருக்கும்.

“இங்க என்னென்ன படம் ஓடுச்சு, அக்கா?”

“எனக்கு இன்னா தெரியும் சார்? படம் வுட்டு லைட்டு போட்டப்புறம்தான் உள்ள போவேன். ஆனா படம் எப்டின்னு தரையப் பாத்தே சொல்லிடுவேன். நல்ல படம்னா குப்பை கம்மி. ஜனம் துன்றதயே மறந்துடும்.”

“மூடுன அன்னைக்கு எப்படி இருந்துச்சு?”

“குப்பையே இல்ல சார்.”

“அவ்வளவு நல்ல படமா?”

“ஆளே வர்ல. நான் முழுசும் பெருக்கிட்டுதான் வூட்டுக்குப் போனேன்.”

சொல்லிவிட்டுக் காய்கறிப் பக்கம் துடைக்கப் போய்விட்டார். யாரும் வராத கொட்டகையை எதற்காகப் பெருக்கினார் என்று நான் கேட்கவில்லை. இன்றுவரை எனக்கு அது விளங்கவும் இல்லை.