நாலு ஆள் அறையும் நாற்பது ஆள் சர்வரும்

இங்கே லிஃப்டுக்குள் ‘எட்டுப் பேர்’ என்று ஒரு சின்னத் தகடு இருக்கும். நம்மூரிலும்தான் இருக்கிறது. இங்கே அதை மக்கள் படிக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் புதிது. வட ஜெர்மனியில் ஒரு மருத்துவமனையின் கணினிப் பிரிவில் சேர்ந்த முதல் வாரம், எட்டுப் பேர் ஏறி நின்றோம். இன்னொருவர் தாராளமாக நிற்கலாம். வெளியே நின்ற பெரியவர் உதடு அசைய எங்களை எண்ணிவிட்டு, ‘போங்கள்’ என்று கையை ஆட்டினார். சிவகாசி மினிபஸ்ஸில் படியில் தொங்கியே படித்து முடித்தவன் நான். மேலே போகும்வரை அவரை நினைத்துச் சிரித்துக்கொண்டே போனேன்.

எனக்குக் கொடுத்த முதல் வேலையும் எண்ணுகிற வேலைதான். அந்த மருத்துவமனையில் மேசைக்கு ஒரு முழுக் கணினி கிடையாது. திரை, விசைப்பலகை, ஒரு சின்னப் பெட்டி, அவ்வளவுதான். எல்லோரும் அடித்தளத்தில் இருந்த ஒரே சர்வருக்குள் நுழைந்து வேலை பார்ப்பார்கள். அப்படி நுழைய லைசென்ஸ் வேண்டும். அதை இயந்திரக் கணக்கில் வாங்கலாம், ஆள் கணக்கிலும் வாங்கலாம். இயந்திரக் கணக்கென்றால் சர்வரே எண்ணும், மிஞ்சினால் உள்ளே விடாது. ஆள் கணக்கென்றால் அது எண்ணுவதே இல்லை. நாற்பது லைசென்ஸை வைத்துக்கொண்டு நானூறு பேர் நுழைந்தாலும் வாய் திறக்காது. எங்களிடம் இருந்தது ஆள் கணக்கில் நாற்பது. விற்ற கம்பெனி, சரியான எண்ணிக்கையை ஒரு படிவத்தில் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பச் சொல்லிக் கடிதம் போட்டிருந்தது.

அப்போதுதான் அக்கா பேச்சியம்மாள் கைக்கு முதல் செல்போன் வந்திருந்தது. எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் திரி செருகுகிறவள். அப்பாவும் அம்மாவும் காட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், பத்தாம் வகுப்போடு நின்று கம்பெனிக்குப் போய் என்னை பாலிடெக்னிக் படிக்கவைத்தவள்.

“அங்கன என்னலே வேல?” என்று கேட்டாள்.

“ஒரு மிஷின்ல இத்தன பேருதான் வேல பாக்கணும்னு கணக்கு இருக்குக்கா. அதுக்கு மேல பாக்காகளான்னு எண்ணணும்.”

“எங்க ரூம் சுவத்துலயுந்தான் ஆள் நாலுன்னு எழுதிப் போட்டிருக்கு. சீசன்ல ஏழு பேரு இருக்கோம். யாரு எண்ணுதா?”

அந்த நாலு என்பது வெறும் எண் இல்லை. தீ பிடித்தால் அந்த வாசல் வழியாக எத்தனை பேர் தப்பமுடியும் என்பதுதான் அது. “போர்மேன்ட்ட சொல்லுக்கா” என்றேன்.

“சொல்லிட்டு? நாளைக்கு வராதன்னுட்டா நீ வந்து திரி செருகுவியா?”

அடுத்த வாரமே அந்தக் கேள்வி என் பக்கம் திரும்பியது. சர்வரின் பெயர்ப் பட்டியலில் சரியாக நாற்பது பெயர்கள். அதில் ஒன்று ‘க்யூஷெ’. சமையலறை என்று அர்த்தம். யார் பெயர் இது என்று பார்க்கக் கீழே போனேன். நோயாளிகளின் உணவுப் பட்டியலைப் பதிந்துகொண்டிருந்தார் அய்ஷே என்ற துருக்கியப் பெண்மணி. “நாங்கள் எல்லோருமே க்யூஷெதான்” என்றார். மூன்று ஷிஃப்டுக்கும் முப்பத்திரண்டு பெண்கள். எல்லோரும் ஏஜென்சி ஆட்கள், எல்லோருக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல். ஆக, ஆட்கள் எழுபத்தொரு பேர்.

படிவத்தில் நாற்பது என்று போட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. நான் சோதனைக் காலத்தில் இருந்தேன், விசாவும் இந்த வேலையை நம்பித்தான் இருந்தது. பேனாவை எடுத்தேன். அக்காவிடம் எவ்வளவு சுலபமாக ‘சொல்லு’ என்றேன் என்பது நினைவுக்கு வர, மூடி வைத்தேன். படிவத்தை எடுத்துக்கொண்டு மேலாளர் திருமதி பிராண்ட்டின் அறைக்குப் போனேன்.

பதற்றத்தில் என் ஜெர்மன் குழறியது. “என் ஷ்வெஸ்டர் வேலை பார்க்கும் அறையில் நாலு பேருக்குத்தான் அனுமதி. ஏழு பேர் இருக்கிறார்கள். இங்கேயும் அப்படித்தான்” என்றேன். அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். “எந்த வார்டில்?” ஷ்வெஸ்டர் என்றால் அக்கா தங்கை மட்டுமில்லை, நர்ஸும்தான் என்பது எனக்கு மறந்துபோயிருந்தது. அது அக்கா, ஊர் இந்தியா, பொருள் பட்டாசு என்று விளக்கி முடிப்பதற்குள் வேர்த்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. “உங்கள் அக்கா இன்று வேலையில் இருக்கிறாரா?” என்று மட்டும் கேட்டார். பிறகு படிவத்தைத் தன் பக்கம் இழுத்தார். “இயந்திரங்கள் எத்தனை?”

அதை நான் எண்ணவே இல்லை. நோட்டோடு மாடி மாடியாக ஏறி இறங்கினேன். நாற்பத்துநாலு. இயந்திரக் கணக்குக்கு மாற்றிக்கொண்டு இன்னும் நாலு லைசென்ஸ் வாங்கினால் போதும், எத்தனை ஆட்கள் வேண்டுமானாலும் மாறி மாறி உட்காரலாம். மறைக்கத் தேவையே இல்லாமல் போயிற்று. முப்பத்திரண்டு பெண்களுக்கும் தனித்தனிப் பெயர் போட்டுக் கொடுத்தேன். திரையில் தன் பெயரைப் பார்த்த அய்ஷே, “ஒரு எழுத்து தப்பு” என்று திருத்தவைத்தார். திருத்தியதும் பக்கத்தில் நின்றவரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். நர்ஸ் கதைக்குத்தான் அதிகம் சிரித்தாள். இரண்டு வாரம் கழித்து அவளே கூப்பிட்டாள்.

“நேத்து நாலு பேரு உள்ள போனோம், மூணு பேரு வெளியவே உக்காந்துட்டாளுக. ஏழு பேரும் பேசி வச்சுத்தான். ஆர்டர் தலைக்கு மேல கெடக்கு, போர்மேன் என்ன செய்வாரு?”

“என்ன செஞ்சாரு?”

“மொறச்சாரு. பொறவு மேக்க இருக்க ரூமத் தொறந்துவிட்டாரு. சும்மாதானலே பூட்டிக் கெடந்துச்சு.”

சொல்லிவிட்டு வேறு விஷயத்துக்குப் போனாள். ரேஷன் கார்டில் ஆள் சரிபார்க்கிறார்களாம். ஊரில் இல்லாதவர்கள் பெயரை எடுக்க வேண்டுமாம். “எம்பேர எடுத்துரு, அக்கா” என்றேன். வேறென்ன சொல்ல முடியும்?

மறுவாரம் மதியம் மறுபடியும் அழைப்பு வந்தது. மருத்துவமனை வாசலில், சைக்கிள்கள் நிறுத்துமிடத்தில் நின்று எடுத்தேன். ஷிஃப்டுக்கு வந்த சமையலறைப் பெண்கள் என் பெயரைத் தங்கள் வாய்க்கு வந்தபடி சொல்லிக் கையாட்டிக்கொண்டு போனார்கள்.

“தாலுகா ஆபீஸ்லதான் நிக்கேன். பாரத்துல கேட்டிருக்காக. நீ போனது நிரந்தரமாவா, தற்காலிகமாவான்னு. என்ன போடலே?”

தூறல் ஆரம்பித்திருந்தது. அவள் பக்கத்தில் யாரோ டோக்கன் நம்பரைச் சத்தமாகக் கூப்பிடுவது கேட்டது. “அது வந்துக்கா…” என்று இழுத்தேன்.

“சரி விடு, பின்னால ஆளு நிக்காக” என்றாள் அக்கா. “ரெண்டுலயும் டிக் போட்டுட்டேன்.”