குதிகாலும் சுண்ணாம்பும்

எங்கள் யார்க்‌ஷயர் மேட்டில் கல் பாவிய பாதையைக் கோஸி என்போம். சரக்குக் குதிரைகள் சேற்றில் புதையாமல் போக, பலகைக் கற்களை ஒற்றை வரிசையில் பதித்த பாதை. எனோக் சட்க்ளிஃப் அந்தக் கற்களைப் பதிப்பவன். கல்லுக்கு அடியில் போடும் மணலை எங்கள் ஆட்கள் வெறுங்காலால்தான் மிதித்துக் கெட்டிப்படுத்துவார்கள். மரச் செருப்புக்குப் பள்ளம் தெரியாது, குதிகாலுக்குத் தெரியும். எனோக் மிதித்துப் போட்ட கல் எதுவும் ஆடியதில்லை.

குளிர் தொடங்கிய சமயம் கயிறு நழுவி ஒரு கல் அவன் வலது பாதத்தில் விழுந்தது. விரல்கள் போயின. புண் ஆறும்வரை ஊர் உதவி கிடைக்காவிட்டால் ஏழை விடுதிதான் கதி. அங்கே ஆண்கள் ஒரு கட்டடத்தில், பெண்கள் வேறொன்றில். மனைவி ஹெப்சியைப் பிரிந்து அவன் இருந்ததே இல்லை.

ஊர்ப் பெரியவர்கள் கூடியிருந்த தேவாலயத்துப் பின்னறைக்குப் போய் உதவி கேட்டான்.

"முடியலங்கிறியா, மாட்டேங்கிறியா?" என்றான் ஊர் உதவியைக் கவனித்த ராம்ஸ்டன்.

"நிக்க முடியலங்க. புண் ஆறினதும் மறுநாளே வந்துடறேன்."

பாதிரியாருக்குப் பேச்சு திசைமாறினால் போதும் என்றிருந்தது. "கோஸிங்கிறது லத்தீன்லேருந்து வந்த சொல். குதிகாலால மிதிச்ச பாதைன்னு அர்த்தம். சுண்ணாம்புங்கிற சொல்லுலேருந்து வந்ததுன்னும் சிலர் சொல்றாங்க."

"விரல்னு யாரும் சொல்லலியே," என்றான் ராம்ஸ்டன். "குதிகால் இவன்கிட்ட இருக்கு. சுண்ணாம்பு நான் தரேன். கோஸியில சதுப்போரத் துண்டு பாக்கி கிடக்கு, எனோக், போய் மிதி. இல்லேன்னா விடுதிக்குக் கிளம்பு."

அறையே சிரித்தது. தன் படிப்பு பயன்பட்ட திருப்தியில் பாதிரியாரும் சிரித்தார்.

சதுப்போரத்தில் வெறும் மணல் நிற்காது, சுண்ணாம்பு கலந்தாக வேண்டும். ஹெப்சி புண்ணில் பன்றிக்கொழுப்பு தடவித் துணி சுற்றினாள்.

"இடது காலால மிதியேன்."

"அப்ப எந்தக் கால்ல நிக்கறது?"

நனைந்த சுண்ணாம்பு கொதித்தது. எனோக் துண்டை முடித்தான். எந்தக் கல்லும் ஆடவில்லை. துணிக்குள் புகுந்த சுண்ணாம்பு புண்ணைத் தின்று மேலே ஏறியது. வைத்தியர் முழங்காலோடு வெட்டினார்.

ராம்ஸ்டன் வந்து போர்வையைத் தூக்கிப் பார்த்தான். "இப்ப சரி. நிஜமாவே முடியாதவன்தான்." உதவிக்கு ஒப்புக்கொண்டான். முதல் ரொட்டி வந்தபோது, புண்ணில் பிடித்த இசிவு நோயால் எனோக்கின் தாடை இறுகி வாய் திறக்கவில்லை. அப்படியே செத்தான். அவன் பேரில் வந்த உதவியும் நின்றது.

அதே கோஸி வழியாக ராம்ஸ்டன் ஹெப்சியை விடுதிக்கு அழைத்துப் போனான். சதுப்போரம் வந்ததும் அவள் சேற்றில் இறங்கினாள்.

"ஏறி நட," என்றான். "அதெல்லாம் ஆடாது. உன் புருஷன் போட்டது."

முழங்கால்வரை புதைந்து புதைந்து, கல்லைத் தொடாமலே அவள் நடந்தாள்.