இடது கன்னத்து மச்சம்

படாளத்திலிருந்து புதுப்பட்டினம் என்ன அமெரிக்காவா? செங்கல்பட்டில் ஒரு பஸ் மாறினால் வந்துவிடலாம். ஆனாலும் தகட்டில் கீறி அச்செடுக்கும் அச்சோவியப் படிப்பின் கடைசி வருடத்தில் நான் வீட்டுப் பக்கம் தலைகாட்டியதே அபூர்வம். மாமல்லபுரம் ரோட்டில் பட்டறை, புதுப்பட்டினத்தில் கூடப் படித்த இரண்டு பெண்களோடு ஒரு வாடகை மாடி அறை. கையில் மை, நகத்துக்குள் மை, சோற்றிலும் மை வாசம். வேலை இருக்கிறது, வேலை இருக்கிறது என்று சொல்லியே பொங்கலுக்குக்கூடப் போகவில்லை. அம்மா போனபிறகு அப்பா தனியாகத்தான் பொங்கித் தின்கிறார் என்பது எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். தெரிந்தேதான் போகவில்லை.

பார்த்தார் மனுஷன், பொங்கல் கழிந்ததும் அவரே கிளம்பி வந்துவிட்டார். அவரை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். மஞ்சள் பையில் வேர்க்கடலை, கூடவே இரண்டு துண்டு கரும்பு.

"இன்னாமா, இப்டி எளச்சிப் போயிட்ட?" என்றபடி பாயில் உட்கார்ந்தார். பேச வந்தவர். பேச எனக்கு ஏது நேரம்? கடைசித் தேர்வுக்கு ஒரு முகம் செய்ய வேண்டியிருந்தது, மூலையில் ஒரு செப்புத் தகடு சும்மா கிடந்தது. "நைனா, ஆடாம குந்து" என்று சொல்லிவிட்டு, எஃகு ஊசியால் நேராகத் தகட்டிலேயே அவர் முகத்தைக் கீற ஆரம்பித்தேன்.

மகள் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று அவருக்கு அவ்வளவு சந்தோஷம். நான் பார்த்தது கன்னத்து எலும்பை.

மறுநாள் அவரையும் பட்டறைக்குக் கூட்டிப்போனேன். தகட்டில் மை தடவித் துடைத்து, ஈரக் காகிதத்தை மேலே வைத்து எந்திரத்தில் ஓட்டினேன். காகிதத்தை உரித்துக் காட்டியதும் அவர் முகம் சுருங்கியது.

"இது எங்க அண்ணன் மாதிரி கீது. என் மச்சம் எப்ப இந்தப் பக்கம் வந்துச்சி?"

அச்சில் இடது வலதாகத் திரும்பிவிடும். அதனால் கண்ணாடியில் பார்த்து, திருப்பித்தான் வரைய வேண்டும். முதல் வருடப் பிள்ளைக்கே தெரிந்த விஷயம். அவசரத்தில் மறந்து தொலைத்திருந்தேன். அவர் தகட்டை எடுத்துப் பார்த்தார். அதில் மச்சம் அதனிடத்தில் ஒழுங்காக இருந்தது.

"இதுல இருக்குறவன்தான் நானு. பேப்பர்ல இருக்குறவன் வேற ஆளு" என்று சிரித்தார். "உங்கம்மா இந்த மச்சத்தப் பாத்துதான் சரின்னாளாம்."

பிரதிகள் எல்லாம் நன்றாக வந்தன. ஆசிரியருக்குப் பிடித்துப்போய், பெங்களூரில் ஒரு பட்டறையில் எனக்கு வேலைக்குச் சொல்லி வைத்தார். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சொன்ன எண்ணிக்கைக்கு அச்செடுத்து முடித்ததும், இனி ஒரு பிரதிகூட எடுக்க முடியாதபடி தகட்டின் குறுக்கே ஆழமாக இரண்டு கோடு இழுத்துவிட வேண்டும். கேன்சல் பண்ணுவது என்போம். அன்று டீயும் சமோசாவுமாக ஒரே அமர்க்களம், ஆளாளுக்கு அவரவர் தகட்டைக் கீறினார்கள். நானும் கீறினேன், முகத்தின் மேலேயே. படிப்பு முடிந்த சந்தோஷத்தில் எதையும் யோசிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூத்திலிருந்து படாளம் உரக்கடைக்குப் போன் போட்டேன். ஞாயிறுதோறும் நைனா அங்கே காத்திருப்பார்.

"அந்தத் தகட மட்டும் எனக்குக் குடுத்துடுமா. வூட்ல மாட்டி வெக்கிறேன். நீ வர்ற வரிக்கும் உன் கைவேலயாவது கூட இருக்கட்டும்."

"சரி நைனா" என்றேன். தகட்டைக் கீறியதையும் சொல்லவில்லை. பெங்களூர் விஷயத்தையும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து அந்த இரண்டு கோடுகளோடு மல்லுக்கட்டினேன். எண்ணெய் விட்டு, மழுங்கிய எஃகுக் கருவியால் அழுத்தித் தேய்த்தால் கீறல் அமுங்கும். அமுங்கியது. கூடவே நெற்றிச் சுருக்கமும் அமுங்கியது, மீசை பாதி போனது, கடைசியில் மச்சமும் போனது. ஒரு புள்ளி வைத்துவிட்டால் தீர்ந்தது என்று ஊசியை எடுத்தேன். வைக்க மனசு வரவில்லை. பேப்பரில் இருப்பவர்தான் வேறு ஆளாயிற்றே, எதிரில் ஆள் இல்லாமல் எந்த இடம் என்று வைப்பது?

படிப்பு முடிந்து எங்கள் படங்களை வைத்த கண்காட்சியன்று நைனா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். சுவரில் மாட்டியிருந்த படங்களை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "தகடு எங்கமா?" என்றார். கொடுத்தேன். சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். கட்டைவிரலால் கன்னத்தைத் தடவித் தேடினார். எனக்குத் தாங்கவில்லை. கோடு போட்டது, தேய்த்தது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி அழுதுவிட்டேன்.

"அட, சொம்மா இரு. மச்சம் இங்கதான கீது, எங்க போவப்போவுது" என்று தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். "அத்த வுடு. படிப்பு முடிஞ்சிச்சில்ல? எப்ப வூட்டுக்கு வர? உன் ரூமுக்கு சுண்ணாம்பு அடிச்சி வெச்சிக்கீறேன்."

அப்போதுதான் பெங்களூரைச் சொன்னேன். வேலை கிடைத்துவிட்டது, திங்கட்கிழமை ரயில் என்றேன்.

நைனா தோளிலிருந்த துண்டை எடுத்து விரித்து, தகட்டை அதில் சுற்றி, அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"அப்போ இத்தயாவது எடுத்துக்கினு போறேன்" என்றார்.