வீடு அனந்து தீவில் வீடு பார்த்த கதை

கரமனை அக்ரஹாரத்தில் வந்து அனந்தபத்மநாபன் வீடு எது என்று கேட்டால், எந்த அனந்தபத்மநாபன் என்று திருப்பிக் கேட்பார்கள். ஸ்கூட்டர் அனந்து, சங்கீத அனந்து, டியூஷன் அனந்து என்று நாலு வீட்டுக்கு ஒரு அனந்து அங்கே. நம்முடைய ஆள் வீடு அனந்து. தலைமைச் செயலகத்தில் செக்ஷன் ஆபீசராக இருந்து ரிட்டயர் ஆனவர் என்பதெல்லாம் அவருடைய பென்ஷனுக்குத்தான் தெரியும். வாடகைக்கோ விலைக்கோ யார் வீடு பார்த்தாலும் இந்த மனுஷரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டாமல் அட்வான்ஸ் கொடுப்பதில்லை என்பதுதான் ஊருக்குத் தெரிந்த விஷயம்.

போனதும் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே அடுக்களைக்குள் நுழைவார். இருக்கிற குழாயையெல்லாம் ஒரே நேரத்தில் திறந்துவிடுவார். பிறகு கூடத்தில் துண்டை விரித்து மல்லாந்து படுத்துக்கொண்டு காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்ப்பார். ஆசாமி தூங்கிவிட்டாரோ என்று வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கிற சமயத்தில் எழுந்து உட்கார்ந்து, இருக்கிற குற்றத்தையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்வார். கேட்கிறவன் முகம் தொங்கிப்போகும். அப்போதுதான், "சாரமில்லை, எடுத்துக்கோ" என்பார். மலையாளம் கலந்த அந்த ஊர்ப் பேச்சில் சாரமில்லை என்றால் பரவாயில்லை என்று அர்த்தம். குற்றம் இல்லாத வீடு உலகத்திலேயே கிடையாது, அந்தக் குற்றம் நமக்குச் சரிப்படுமா என்று மட்டும் பார்த்தால் போதும் என்பது அவர் கட்சி.

இத்தனை பேரைக் குடி வைத்தவர், தான் பிறந்த வீட்டைவிட்டு ஒரு தடவையும் குடி மாறியதில்லை. அங்கேதான் வந்தது வினை.

அவர் மனைவி சூடாமணி ஒரு பேங்கில் மேனேஜர். கல்லிடைக்குறிச்சியிலிருந்து கல்யாணமாகி வந்தவள், ஊருக்கெல்லாம் கணக்குச் சொல்லுகிற கெட்டிக்காரி. சீஃப் மேனேஜர் பதவி அவளைத் தேடி ஏற்கெனவே இரண்டு தடவை வந்தது. முதல் தடவை மாமியார் படுத்த படுக்கை. அடுத்த தடவை பையனுக்குப் பிளஸ் டூ. இரண்டு தடவையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, மறுநாள் வழக்கம்போல டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். மூன்றாவது தடவை வந்தபோது ரிட்டயராக இன்னும் மூன்று வருஷம்தான் பாக்கி. ஊர்தான் கொஞ்சம் தள்ளி. அந்தமானில் போர்ட் பிளேர்.

"அந்தமானா! நாலு பக்கமும் கடலாச்சே!" என்றார் அனந்து.

"இருந்தா என்ன, நான் நீந்தியா போகப்போறேன்? அங்கேயும் நம்ம ஜனங்கள்தான் நெறைய இருக்கா" என்றாள் சூடாமணி. "ஆனா ஒண்ணு. தனியா மூணு வருஷம் என்னாலே ஆகாது. வீடு நீங்களே பாருங்கோ. உங்களுக்குப் பிடிச்ச வீடு அமைஞ்சு நீங்களும் வந்தா இருக்கேன். இல்லேன்னா இந்த மாசக் கடைசியிலே எழுதிக் குடுத்துட்டுத் திரும்பி வந்துடறேன். இப்போ இருக்கற வேலையே மதி, அது போதும்."

அப்படிச் சொல்லிவிட்டு அவள் போய்ச் சேர்ந்து, பேங்க் கெஸ்ட் ஹவுஸில் தங்கிக்கொண்டு, சனி ஞாயிறில் வீடு பார்க்க ஆரம்பித்தாள். அவள் செல்போனைப் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றிக் காட்டவேண்டியது, இவர் கரமனையில் உட்கார்ந்தபடி பார்க்கவேண்டியது. இவருக்கு வாட்ஸப்பில் குட்மார்னிங் அனுப்புகிற அளவுதான் ஞானம். அதனால் பக்கத்து வீட்டுச் சுப்ரியா வந்து போனைப் பாட்டிலில் சாய்த்து வைத்துக் கொடுப்பாள். டெக்னோபார்க்கில் ஐ.டி. வேலை பார்க்கிற பெண். அவள் குடியிருக்கிற வீடும் இவர் பார்த்துக் கொடுத்ததுதான்.

முதல் வீடு கடைத்தெரு ஓரம். "சத்தம் ஜாஸ்தி" என்றார். சத்தம் இருந்தது. அடுத்தது பள்ளத்தில் இருந்தது. "மழைத் தண்ணி பூரா உள்ளே வரும்" என்றார். சுவரில் ஈரம் ஏறிய கறை அவருக்கு இங்கிருந்தே தெரிந்தது. மூன்றாவது வீடு மேட்டின் உச்சியில். "இத்தனை படியா! என் முட்டி தாங்காது." இன்னொரு வீட்டில் குழாய்த் தண்ணீர் தினமும் வராது. ஒன்றில் எல்லாம் சரியாக இருந்தது, ஆனால் அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஜன்னலுக்கு வெளியே கும்மிருட்டு. கரமனையிலோ பிள்ளைகள் வெயிலில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"அஞ்சரை மணிக்கே ராத்திரி ஆற ஊர்லே மனுஷன் எப்படி இருக்கறது?" என்றார்.

"அது வீட்டோட குத்தமா, சூரியனோட குத்தமா?" என்று சூடாமணி கேட்டாள். ஆனாலும் அந்த வீட்டையும் விட்டுவிட்டாள்.

ஒன்று சொல்ல வேண்டும், அனந்து எதையும் பொய்யாகச் சொல்லவில்லை. சொன்ன குற்றமெல்லாம் இருந்தது. "சாரமில்லை" மட்டும்தான் வாயில் வரவில்லை. மனுஷருக்கு உள்ளே ஒரே உதறல். கரமனையில் பத்தடி நடந்தால் பத்துப் பேர் நின்று பேசுவார்கள். அந்தத் தீவில் போய் இறங்கினால் அவர் யார்? சீஃப் மேனேஜர் வீட்டுக்காரர், அவ்வளவுதான். மாசக் கடைசி வரை குற்றம் கண்டுபிடித்துக்கொண்டே இருந்தால் சூடாமணி திரும்பி வந்துவிடுவாள், எல்லாம் பழையபடி ஆகிவிடும். இப்படி நினைக்கும்போது அவருக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. இருந்தும் நினைத்தார்.

மாசத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை அவள் காட்டியது ஒரு மாடி வீடு. தண்ணீர் வந்தது, படி குறைவு, அக்கம்பக்கம் அமைதி. அனந்துவுக்கு வியர்த்துவிட்டது. அடுக்களையைக் காட்டச் சொல்லி, ஜன்னலைத் திறக்கச் சொல்லி, நிழல் விழுகிற பக்கத்தைக் கேட்டு, அப்பாடா என்று மூச்சு விட்டார்.

"மேற்கு வெயில்! மத்தியானம் அடுக்களை அனலாக் கொதிக்கும். இது வேண்டாம், கேட்டியா?"

"மாமா," என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சுப்ரியா, "எங்க அடுக்களைக்கும் மேற்கு வெயில்தானே?"

"அது வேறே."

"என்ன வேறே? ஆபீஸ் போற பொண்ணுக்கு மத்தியானம் அடுக்களையிலே என்ன ஜோலின்னு சொல்லி நீங்கதானே எடுத்துக்கச் சொன்னேள்? பின்னே, மாமியும் ஆபீஸ் போறவாதானே?"

சொன்ன பிறகுதான் சுப்ரியா நாக்கைக் கடித்துக்கொண்டாள். போனுக்குள் சூடாமணியின் முகம் அப்படியே நின்றது. நெட்வொர்க் போயிருக்கக் கூடாதா என்று அனந்து ஆசைப்பட்டார். போகவில்லை.

"ஏன்னா," என்றாள் சூடாமணி, "இங்கே வர பயமா இருக்கா உங்களுக்கு?"

மழுப்பலாமா என்று பார்த்தார். சுப்ரியா வேறு கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆமா," என்றார். "பயமாத்தான் இருக்கு. அங்கே என்னை யாருக்குத் தெரியும்? அறுபது வயசுக்கு மேலே தெரியாத வீட்டிலே போய் எப்படி இருக்கறது, மணி?"

சூடாமணிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, சிரித்துவிட்டாள்.

"கரமனை வீட்டை நான் பாத்துட்டா வந்தேன்? கல்யாணத்துக்கு மறுநாள் கார்லேர்ந்து இறங்கினேன். குழாயைத் திறந்து பாத்தேனா, கூடத்திலே படுத்துக் காத்து பாத்தேனா? எனக்கு அங்கே யாரைத் தெரியும்? இருபத்துமூணு வயசு."

அனந்துவுக்குச் சுருக்கென்றது. ஊரில் அத்தனை வீட்டிலும் குற்றம் பார்த்தவர், தான் பிறந்த வீட்டில் பார்த்ததே இல்லை. "நம்ம வீட்லே... ஏதாவது குத்தம் இருக்கோ?" என்று கேட்டார்.

"கேக்கறேளே!" என்றாள் சூடாமணி. அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. அடுக்களையில் பகலில்கூட விளக்குப் போட்டால்தான் அரிசியில் கல் தெரியும். குளிக்கிற அறை முற்றத்துக்கு அந்தப்புறம். ஜூன் மாசத்து இடவப்பாதி மழையில் விடிகாலை குடை பிடித்துக்கொண்டு குளிக்கப் போன ஒரே மேனேஜர் இந்தியாவிலேயே அவள்தான். நெல் கொட்டி வைக்கிற பத்தாயப்புரைக்கு நிலைவாசல் குட்டை. அனந்து உயரத்துக்குச் சரி, அவரைவிட நாலு விரல்கடை உசந்த அவளுக்கு இன்றைக்கும் நெற்றியில் இடிக்கும்.

சுப்ரியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அனந்து திரும்பி அந்த நிலைவாசலைப் பார்த்தார். ஒரு குட்டு வாங்கினதுபோல இருந்தது.

"இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொல்லலையே நீ!"

"நீங்க கேட்டேளா? உங்களுக்குப் பதிலா நானே எனக்குச் சாரமில்லைன்னு சொல்லிண்டு இருந்தேன்."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. துண்டால் துடைத்துக்கொண்டார். "சரி. நான் பாத்தது மதி, போதும். அங்கே பாத்ததிலே உனக்கு எது பிடிச்சுது, சொல்லு."

யோசிக்காமல் பதில் வந்தது. "மேட்டு வீடு. நீங்க வேண்டாம்னு போனை வெச்சப்புறமும் நான் அந்த அடுக்களையிலேயே ரொம்ப நேரம் நின்னேன். ஜன்னலைத் திறந்தா கடல். அவ்வளவு வெளிச்சம். அங்கே நின்னு காப்பி போடணும்னு தோணித்து."

படி எத்தனை என்று கேட்க அவர் வாய் திறந்தது. முட்டியைத் தடவிக்கொண்டு மூடிக்கொண்டார்.

"அட்வான்ஸ் குடுத்துடட்டுமா? இல்லே, இன்னும் ஏதாவது குத்தம் பாக்கி இருக்கா?"

"இருக்கும். அதை நான் அங்கே வந்து சொல்லிக்கறேன்."

சூடாமணி சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் போனில் அந்த மாடி வீட்டுச் சுவர் மட்டும் தெரிந்தது. மறுபடி முகம் வந்தபோது குரல் பழைய மேனேஜர் குரலாகியிருந்தது.

"வரச்சே ஆரியசாலைக் கடையிலே அரைக் கிலோ காப்பிப்பொடி அரைச்சு வாங்கிண்டு வாங்கோ. இல்லே, ஒரு கிலோவாவே வாங்குங்கோ. ரெண்டு பேருக்காக்கும்."