லான்-யின் நிறுத்திய பக்கம்

கூ யுங்-ஷெங்கின் வேலை, பொருளைக் கீழே போடுவது. சின்ச்சு நகரில் எங்கள் ஆலை செய்யும், மின்நூல் படிக்கிற இ-ரீடர்களை இடுப்புயரத்திலிருந்து சிமெண்ட் தரையில் விழவிட்டு, எங்கே விரிசல் விடுகிறது என்று பார்ப்பார். ஒழுங்கான சோதனையாளர். அதற்குமேல் புகழ எனக்குத் தயக்கம், பிடிவாதக்காரர்.

அவர் மனைவி லான்-யின் வைத்திருந்ததோ போட்டிக் கம்பெனியின் ரீடர். எங்களுடையது இரண்டு முறை கைப்பைக்குள்ளேயே உடைந்துவிட்டது. எங்கள் ஆலையின் ஆண்டிறுதி விருந்தில் எல்லோர் முன்னாலும் மேலாளர் டெங்கிடம் கேட்டார்:

"உங்க கம்பெனி செய்யறது ரீடரா, அரிசி வில்லையா? தொட்டா நொறுங்குது."

"மெல்லிசா இருந்தாத்தான் ஜனங்க வாங்குறாங்க."

"அப்ப ஜனங்களுக்கே வித்துக்குங்க. நான் உங்க எதிரிகிட்டயே வாங்கிக்கறேன்."

யுங்-ஷெங்தான் அதிகம் சிரித்தார்.

மருத்துவமனைப் படுக்கையில் அந்த ரீடரைப் படித்துக்கொண்டிருந்தபோதே லான்-யின் இறந்துபோனார். அந்தப் பழைய மாடல் அணைந்தாலும் பக்கத்தை மாற்றாது. மின்சாரம் தீர்ந்த பிறகும் கடைசி எழுத்துகள் திரையில் நிற்கும். யுங்-ஷெங் அதை வீட்டில் மனைவியின் படத்தருகே வைத்தார். காலையில் ஊதுபத்தி ஏற்றிவிட்டு அந்த ஒரு பக்கத்தைப் படிப்பார். மழை வருகிறது, ஒரு பெண் ஜன்னலைச் சாத்தப் போகிறாள். வாக்கியம் பாதியில் நின்றுவிடும். சார்ஜ் மட்டும் போடவே மாட்டார்.

இந்த வருடம் போட்டிக் கம்பெனி விற்பனையில் எங்களை முந்தியது. "அவங்க பழைய ரீடருக்குள்ள, உடையாம காக்க ஒரு தகடு இருக்கு. நாமளும் போடணும்" என்றார் யுங்-ஷெங்.

"கனம் கூடும்ணே. எங்க, காட்டுங்க பாக்கலாம்" என்றார் மேலாளர் டெங்.

அந்த மாடல் இப்போது கடைகளில் இல்லை. மறுநாள் யுங்-ஷெங் லான்-யினின் ரீடரையே துணியில் சுற்றி எடுத்துவந்தார். டெங் அதை வளைத்துப் பார்த்தார்.

"அட, அசையவே மாட்டேங்குதே! எடை எவ்வளவுண்ணே?"

பதில் சொல்லிக்கொண்டே யுங்-ஷெங் அதை வாங்கி மேசையில் வைத்தார், சார்ஜர் கம்பியை இழுத்தார், செருகினார். எங்கள் மேசைக்கு எது வந்தாலும் முதலில் சார்ஜ்தான். அவர் கைக்கு வேறு எதுவும் தெரியாது.

திரை கறுத்தது, வெளுத்தது, மறுபடி கறுத்தது. கம்பியைப் பிடுங்கக்கூட அவர் கை எழவில்லை. பிறகு எழுத்துகள் வந்தன.

"அண்ணே, அதே பக்கம்தான்! மழை, ஜன்னல், எல்லாம் இருக்கு பாருங்க" என்றேன்.

"இது மெஷின் தொறந்த பக்கம்டா. அவ நிறுத்தினது போயிடுச்சு."

இரண்டுக்கும் ஓர் எழுத்துகூட வேறுபாடில்லை என்று என்னால் நிரூபிக்க முடியும். நிரூபித்தால் யாருக்கு என்ன கிடைக்கும் என்றுதான் தெரியவில்லை.

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்கண்ணே. தகடு கிடக்கட்டும்" என்றார் டெங்.

"எதுக்கு? பிரிச்சுப் பாருங்க."

யுங்-ஷெங் சுவர்ப்பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். நான் திருப்புளியை எடுத்தேன். பின்மூடி கிறீச்சிட்டது.

"மெதுவாடா" என்றார், திரும்பாமலே.