களத்தோரம் ஒரு ஜோடி சிவப்புக் காலணி

ஜனவரி மாதத்து வெள்ளிக்கிழமை, காலை எட்டு மணி. சேலம் ஜங்ஷன் வாசலில் காத்திருந்த டிரைவர் செல்வம், என்னோடு வந்திறங்கிய எலேனாவின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் அவள் காலைத்தான் பார்த்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மிளகாய்ப் பழத்தின் சிவப்பில் அப்படியொரு துணிக் காலணியை அவர் பார்த்திருக்க மாட்டார்.

"ஏனுங்க மேடம், இவங்க ஒயின் கம்பெனிங்களா?" என்று என்னிடம் கேட்டார்.

"ஆமாங்க. ஸ்பெயின்ல இருந்து வந்திருக்காங்க."

"அப்பப் பிராந்தியெல்லாம் நல்லாச் செய்வாங்கன்னு சொல்லுங்க."

ஒயின் ஷாப் என்று நாம் பெயர் வைத்த கடைகளில் காலகாலமாக விற்றது பிராந்தியும் ரம்மும்தான். இந்த ஊரில்தான் நாங்கள் ஒயினை அறிமுகப்படுத்தப் போகிறோம் என்று நினைத்தபோது எனக்கே சிரிப்பு வந்தது.

நான் ஈரோட்டுக்காரி. சென்னையில், வெளிநாட்டு ஒயின்களை இங்குள்ள ஹோட்டல்களுக்குக் கொண்டு சேர்க்கும் சிறிய கம்பெனி ஒன்றில் வேலை. ருசி பார்த்துத் துப்புவதோடு சரி, குடிப்பதில்லை. அம்மாவிடம் திராட்சை வியாபாரம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். முழுப் பொய் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

சேலத்திலிருந்து ஏற்காடு முப்பது கிலோமீட்டர் சொச்சம். கொண்டை ஊசி வளைவுகள் இருபது. ஆறாவது வளைவிலேயே எலேனாவின் முகம் வெளுத்துவிட்டது. செல்வம் வண்டியை ஓரங்கட்டி ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கொடுத்து, "மோந்துக்கிட்டே வரச் சொல்லுங்க, சரியாப் போயிரும்" என்றார். பழத்தை மூக்கில் வைத்தபடியே அவள் தன் கதையை ஆங்கிலத்தில் சொல்லி வந்தாள்.

ஸ்பெயினின் வடக்கே அவள் அப்பாவுக்குத் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. ஒயினைப் பீப்பாய்க் கணக்கில் பெரிய கம்பெனிகளுக்கு விற்றுக்கொண்டிருந்த குடும்பம். நம் பெயரில், நம் லேபிளில், நாமே உலகத்துக்கு விற்போம் என்று கிளம்பியவள் இவள். லேபிளும் இவள் யோசனைதான்: ஒரு திராட்சைக் குலை, அதை அழுத்தி மிதிக்கும் ஒரு சிவப்புக் காலணி. அங்கே திராட்சையைக் காலால் மிதித்துச் சாறெடுப்பது பழைய வழக்கம். அதற்குப் புதுக்கால வேஷம் கட்டிவிட்டதாக அவள் நினைப்பு. பிராண்டின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் இது கட்டுரையாக இருக்காது, விளம்பரமாகிவிடும்.

"இந்த வருஷம் ஆசியாவிலிருந்து ஆர்டர் வராவிட்டால் அண்ணன் பழையபடி பீப்பாய் வியாபாரத்துக்குப் போய்விடுவான்" என்றாள். கொஞ்ச நேரம் பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டு, "அப்பா ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் லேபிள் ஒட்டிய நாளிலிருந்து இந்தப் பாட்டிலில் ஒன்றைக்கூடத் தன் சாப்பாட்டு மேசையில் வைத்ததில்லை. ஏன் என்று கேட்டால் எழுந்து போய்விடுவார்" என்றாள்.

ஏற்காடு பஸ் நிலையத்தருகே தேநீர் குடித்தோம். பதினைந்து ரூபாய், இஞ்சி தாராளம். அங்கிருந்து நாகலூர் சாலையில், சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறிய எஸ்டேட்டுகளுக்கு நடுவே போனால் நாங்கள் தங்க வேண்டிய விடுதி. பார் உரிமம் உள்ள இடம். எங்கள் ஒயின் பெட்டிகள் உரிய அனுமதியோடு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தன.

விடுதியின் முதலாளி குமரவேல், சேலத்துக்காரர். ஐம்பது வயதிருக்கும். விடுதிக்குப் பின்னாலேயே அவருடைய காப்பித் தோட்டம். "வாங்கம்மணி, குளிரு நொம்ப அதிகமுங்களா?" என்று விசாரித்து, அரிசிம்பருப்புச் சாதமும் மிளகுக் கறி வறுவலும் போட்டு, எலேனா விக்கும்வரை உபசரித்தார். சாப்பிட்டு முடித்து, மறுநாள் மாலை விருந்தினர்களுக்கு ருசி காட்டப்போகும் பாட்டிலை எடுத்து அவர் கையில் கொடுத்தோம். அதுவரை அஞ்சலில் வந்த விலைப்பட்டியலைத்தான் பார்த்திருந்தார். லேபிளை அப்போதுதான் பார்க்கிறார். பாட்டிலைத் திருப்பினார். முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே இருந்தது, ஆனால் பாட்டில் மேசைக்குப் போகவில்லை. பக்கத்து ஜன்னல் திண்டுக்குப் போனது.

"அம்மணி, இந்தப் படத்த மேசை மேல வைக்க முடியாதுங்க."

"ஏனுங்கண்ணா?"

"ஆகாதுங்க. உடுங்களே." அப்புறம் எங்கள் முகத்தைப் பார்த்துச் சங்கடப்பட்டு, "வேணும்னா பேப்பர் சுத்தி வச்சுக்கலாமுங்க" என்றார்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் 'ஆகாது' என்று சொல்லிவிட்டால் காரணம் கேட்பது மரியாதையில்லை. ஆகவே காரணத்தை நானே கற்பித்துக்கொண்டேன். இந்த ஊரில் சாப்பிடும் பொருள்மேல் கால் படுவது பாவம், புத்தகத்தில் கால் பட்டாலே தொட்டுக் கும்பிடுவோம் என்று எலேனாவுக்கு ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். செய்தித்தாள் சுற்றுவதைப் பற்றியும் சொல்லித் தொலைத்தேன்: கடையில் வாங்கிய பாட்டிலைத் தெருவில் மறைத்து எடுத்துப் போகத்தான் அப்படிச் சுற்றுவார்கள் என்று. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"கால் பட்ட ஒயின் என்றால் அது என் அப்பாவின் கால். அதைத் திருட்டுப் பொருள்போல மறைக்க மாட்டேன். நாளைய நிகழ்ச்சி வேண்டாம்" என்று அறைக்குப் போய்விட்டாள். அவளிடம் எனக்குக் கோபமில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத என்மேல்தான் எரிச்சலாக இருந்தது.

சனிக்கிழமை காலை. பனி விலக எட்டரை ஆனது. பேசாமல் ஊருக்குத் திரும்புவதா என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது குமரவேல் வந்து, காப்பி பறிப்பு நடக்கிறது, வந்து பாருங்கள் என்று கூப்பிட்டார். முதல் நாள் எதுவுமே நடக்காதது மாதிரிதான் பேசினார். மறுக்க முடியாமல் போனோம்.

தோட்டத்துக்குக் கீழே சிமெண்ட் போட்ட பெரிய களம். அதில் செக்கச்செவேலென்று காப்பிப் பழங்களைக் காயப்போட்டிருந்தார்கள். மலையூர்ப் பெண்கள் நாலு பேர் அதற்குள் நடந்துகொண்டிருந்தார்கள். சும்மா நடப்பதல்ல, பாதத்தைத் தூக்காமல் இழுத்து இழுத்து நடக்க, பழங்கள் உழவுச் சால்போல இரண்டு பக்கமும் புரண்டு ஒதுங்கின. குமரவேல் தன் பளபளப்பான ஷூவைக் களத்தோரம் கழற்றினார். குழாயில் காலைக் கழுவினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரும் உள்ளே இறங்கி இழுத்து நடக்க ஆரம்பித்தார்.

எலேனா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "கால் படக்கூடாது என்று சொன்னாயே? இது என்ன?"

அவள் விடுகிற ஆளில்லை. நேரே களத்தை நோக்கி நடந்தாள். அதற்குள் உள்ளேயிருந்து ராமாயி என்ற பெண் சத்தம் போட்டார்: "கண்ணு, செருப்பு! செருப்ப அங்கயே உட்டுட்டு வா சாமி!"

மொழிபெயர்க்கத் தேவையே இருக்கவில்லை. எலேனா குனிந்து பார்த்தாள். களத்தின் ஓரத்தில் ரப்பர் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. கடைசியில் முதலாளியின் ஷூ. அதற்கப்பால் அவளுடைய சிவப்புக் காலணி, களத்தின் விளிம்பை ஒரு விரற்கடை தாண்டி, ஒரு காப்பிப் பழத்தை நசுக்கிக்கொண்டிருந்தது. அச்சு அசல் லேபிள் படம்தான்.

சட்டென்று காலைப் பின்னால் இழுத்தாள்.

வாய்விட்டுக் கேட்டேன்: "ஏனுங்கண்ணா, நேத்து நீங்க சொன்னது காலைப் பத்தி இல்லீங்களா?"

"காலா? கால்ல என்னங்க இருக்குது! கழுவுனா போச்சு. அந்தக் காலத்துல ராகிக் கதிர மிதிச்சதும் இந்தக் காலுதான். செருப்பு ஊரெல்லாம் மிதிச்சுட்டு வர்றதுங்க, அதப் போட்டுட்டுத் திங்கற பண்டத்த மிதிக்கலாமுங்களா? வந்தவங்க மூஞ்சிக்கு நேரா அதச் சொல்லறதுக்கு வாய் வரலீங்க."

எலேனாவிடம் வார்த்தைக்கு வார்த்தை சொன்னேன். அவள் காலணியைக் கழற்றி வரிசையின் கடைசியில் வைத்தாள். குழாயடியில் வெகுநேரம் காலைக் கழுவினாள். பிறகு இறங்கி ராமாயிக்குப் பின்னால் நடந்தாள். பாதத்தை ஊன்றி நிதானமாக நடந்தாள். புதிதாக நடப்பவள் நடையாகத் தெரியவில்லை. "சின்ன வயதில் தொட்டியில் இப்படித்தான் நடப்போம்" என்றாள்.

அன்று மாலை ஆறு மணிக்கு நிகழ்ச்சி நடந்தது. பாட்டில்களுக்குச் செய்தித்தாள் சுற்றியவள் எலேனாவேதான். சேலத்திலிருந்து வந்திருந்த டாக்டர் ஒருவர், "ஏனுங்க, சுத்தியே குடுக்கறீங்களே, ஊட்டுக்குத் தெரியாமக் கொண்டு போறதுக்குங்களா?" என்று கேட்க, கூடமே சிரித்தது. களத்தில் நடந்ததை எலேனா எழுந்து நின்று சொன்னாள். நான் தமிழில் சொன்னேன். ஒயின் சிலருக்குப் புளித்தது, சிலர் மிளகு வறுவலோடு இரண்டாவது தடவை கேட்டு வாங்கினார்கள். நாங்கள் எதிர்பார்த்ததைவிட நன்றாகத்தான் போனது. ஆனாலும் குமரவேல் ஆர்டர் எழுதவில்லை. "சரக்கு நல்லாருக்குதுங்க. படம் மாறி வரட்டும், நம்ம மேசையில வைக்கறேன்" என்று முடித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. செல்வத்தின் வண்டி வந்தது. எலேனா காலணியைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு ஏறினாள். செல்வம் பதறி, "காருக்குள்ள போட்டுக்கலாமுங்க மேடம், பரவால்லீங்க!" என்றார்.

பாதி மலை இறங்கியதும் வண்டியை நிறுத்தச் சொல்லி அப்பாவுக்குப் போன் செய்தாள். அங்கே விடிந்திருக்காது, ஆனால் அவர் முன்னாலேயே எழுந்துவிடுகிறவராம். அவள் வேகவேகமாகப் பேசினாள், நடுவில் சிரித்தாள். பிறகு கேள்வியாக ஏதோ கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். அப்புறம் ஒரு முதிய குரல், தாழ்வாக, ஏதோ கேட்டது; அவள் பதில் சொன்னதும் நான்கைந்து வார்த்தை சொன்னது. போனை வைத்துவிட்டு எலுமிச்சம்பழத்தைத் தேடி எடுத்துக்கொண்டாள். அதை முகரவில்லை, உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே இருந்தாள்.

"என்ன சொன்னார்?" என்றேன்.

"அந்தக் காலணியை யார் கழற்ற வைத்தார்கள் என்று கேட்டார். ராமாயியின் பெயரைச் சொன்னேன்."

"அப்புறம்?"

"படத்தை மாற்று, மேசையில் வைக்கிறேன் என்றார்."